50 கிலோவாட் லேசருக்கு 50 கிலோவாட் ஜெனரேட்டர் போதுமா?

கேள்வி: நான் மின்னியல் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ராணுவ வண்டிகளில் பொருத்தும் லேசர் ஆயுதங்களைப் பற்றி செமினார் எடுக்கப்போகிறேன். அமெரிக்காவின் ஸ்டிரைக்கர் கவச வண்டியில் 50 கிலோவாட் லேசர் இருப்பதால், 50 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை ஏற்றிவிட்டால் போதும் என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு? வண்டியின் இன்ஜினிலிருந்தே மின்சாரம் எடுக்கக்கூடாதா?

பதில்: கோடு போட்டது நியாயம்தான். ஆனால் வேடிக்கை பாருங்கள், இன்னொரு கணக்கில் அதே 50 கிலோவாட் ஜெனரேட்டர் தாராளமாகப் போதும். இரண்டு கணக்கையும் சேர்த்து எழுதாததுதான் உங்கள் தவறு.

முதல் கணக்கு. 50 கிலோவாட் என்பது வெளியே வரும் ஒளியின் அளவு. உள்ளே போகும் மின்சாரம் அதைவிட அதிகம். இன்றைய வண்டி லேசர்கள் பெரும்பாலும் கண்ணாடி இழை லேசர்கள். கொடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளியானாலே நல்ல கருவி என்று சொல்லலாம். ஆக 50 வெளியே வர, 150 கிலோவாட் உள்ளே போக வேண்டும். உங்கள் ஜெனரேட்டரை நேராக இணைத்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இரண்டாவது கணக்கு நேரம் பற்றியது. ஒரு ட்ரோனின் மேல் லேசரை நாள் முழுக்கவா பிடித்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? சில வினாடிகள்தான். தாராளமாக 10 வினாடி என்று வைப்போம். 150 கிலோவாட்டை 10 வினாடிக்கு இழுத்தால் 1.5 மெகாஜூல். மின்சார வாரியத்தின் பாஷையில் சொன்னால் 0.42 யூனிட், அதாவது அரை யூனிட்கூட இல்லை. ஜெனரேட்டரில் அதைத் தயாரிக்க ஏறக்குறைய 140 மில்லி டீசல் போதும். டீக்கடையில் ஒரு டீக்கு ஆகிற காசு. பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசரைப் பற்றி 2024 ஜனவரியில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலும் இதே மாதிரி ஒப்பீடு உண்டு: 10 வினாடி சுட ஆகும் செலவு, சாதாரண ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட விடுகிற செலவுதான் என்றார்கள். கருவியின் விலை அதில் சேராது, அது வேறு கதை.

சரி, தேவைப்படும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் அத்தனையும் ஒரே மூச்சில் வேண்டும். வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மெதுவாகத்தான் ஏற்றும். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இங்கே தொட்டி என்பது பேட்டரி. 2013இல் அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸ் சோதனைத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் 10 கிலோவாட் லேசர் லாரி பறந்துவந்த மோர்ட்டார் குண்டுகளை வீழ்த்தியபோதே இந்த ஏற்பாடுதான் இருந்தது: லித்தியம் அயனி பேட்டரிகள், அவற்றை நிரப்ப டீசல் ஜெனரேட்டர்.

பேட்டரிக்குப் பதில் அல்ட்ரா கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று கொட்டும் கருவி) கூடாதா என்று செமினாரில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். மின்சாரத்தை வேகமாகக் கொடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு கிலோவுக்கு 5 வாட்-மணி அளவில்தான் சேமிக்கும். மேலே சொன்ன ஒரே ஒரு சுடுதலுக்கு 80 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். லித்தியம் அயனி பேட்டரி கிலோவுக்கு 100 வாட்-மணியைத் தாண்டும். பிரிட்டிஷ் கடற்படை, பந்தயக் காரிலிருந்து வந்த சுழல்சக்கரச் சேமிப்பையும் இந்த வேலைக்காகச் சோதித்துப் பார்த்தது. கப்பலுக்கு அது பொருந்தலாம். குண்டும் குழியுமான தரையில் குலுங்கிக்கொண்டு போகும் வண்டியில் வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். ஸ்டிரைக்கர் ஏ1 வகையில் 450 குதிரைத்திறன் இன்ஜின், அது சுழற்றி மின்சாரம் எடுக்கும் 910 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். ராணுவ வண்டிகளின் வழக்கமான 28 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 25 கிலோவாட். நிமிடத்துக்கு ஒரு முறை 10 வினாடி சுட்டால் லேசரின் சராசரித் தேவையும் சரியாக அதே 25 கிலோவாட்தான்! பொருந்திவிட்டது என்று துள்ள வேண்டாம். வண்டியின் ரேடியோவும் கணினிகளும் அந்த 25இல்தான் வாழ வேண்டும். போதாததற்கு, வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் முழு அளவைக் கொடுக்காது.

இன்னொரு சிக்கல் கம்பியில் இருக்கிறது. 150 கிலோவாட்டை 28 வோல்ட்டில் அனுப்பினால் 5,300 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கான செம்புக் கம்பி, வளைக்க முடியாத கட்டை மாதிரி இருக்கும். 600 வோல்ட் என்றால் 250 ஆம்பியர். மின்சாரக் கார்களில் ஓடுவது போன்ற அளவு. ஆகவே லேசருக்குத் தனி உயர் மின்னழுத்த வழி போடுவதுதான் விவேகம்.

இதுவரை பேசியதெல்லாம் சுலபமான பாதி. 150 உள்ளே போய் 50 வெளியே வந்தால், மீதி 100 எங்கே? சூடாக வண்டிக்குள்ளேயே நிற்கிறது. 100 கிலோவாட் சூட்டை அது உண்டாகும் வேகத்திலேயே வெளியே தள்ள 28 டன் ஏ.சி. வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. பத்தொன்பதைக் கவச வண்டியின் கூரையில் கற்பனை செய்து பாருங்கள். சூடு ஏறினால் ஏறட்டும் என்று விடவும் முடியாது. கண்ணாடி இழைக்குள் முதலில் ஒளியைச் செலுத்தும் டையோடுகள் 976 நானோமீட்டர் பக்கத்தில் குறுகலான ஓர் அலைநீளத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் அது 0.3 நானோமீட்டர் அளவு நகரும். கூலன்ட் (சூட்டை எடுத்துச் செல்லும் திரவம்) இருபது டிகிரி சூடேறினால் இழை அந்த ஒளியைச் சரியாக உறிஞ்சாது, லேசரின் பலம் குறையும்.

அதனால் சூட்டுக்கும் ஒரு தொட்டி வைக்க வேண்டும். 10 வினாடியில் சேர்வது 1 மெகாஜூல். உருகும்போது கிலோவுக்கு 200 கிலோஜூல் அளவு விழுங்கும் பாரஃபின் மெழுகு 5 கிலோ இருந்தால், ஏட்டுக் கணக்கில், அதை வாங்கிக்கொள்ளும். அப்புறம் சிறிய சில்லர் (குளிரூட்டும் கருவி) ஒன்று நிதானமாக மெழுகைக் குளிர வைக்கலாம். ஸ்டிரைக்கர் லேசர்கள் மத்தியக் கிழக்குக்குச் சோதனைக்குப் போன பிறகு, 2024 மே மாதம் அமெரிக்க ராணுவத்தின் கொள்முதல் தலைவர் டக் புஷ் செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டதும் இந்தத் தலைவலியைத்தான்: ஓயாமல் நகரும் வண்டியில் 50 கிலோவாட் லேசரை அடக்குவது கடினமாக இருக்கிறது, சூட்டை வெளியேற்றுவதும் மின்னணுப் பாகங்களின் அளவும் வண்டி படும் அடியும்தான் காரணம் என்றார்.

அந்த ராணுவமே இலகுரக வண்டிகளுக்கு லோகஸ்ட் என்னும் 20 கிலோவாட் லேசரை எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம் டி.ஆர்.டி.ஓ. 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூல் தளத்தில் சோதித்த வண்டி லேசர் 30 கிலோவாட். செமினாரில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களை 0.6ஆல் பெருக்கினால் அதன் தேவை தோராயமாக வந்துவிடும்.

இப்போது அந்த வரியைத் திருத்துவோம். நிமிடத்துக்கு ஒரு சுடுதல் என்று முதலில் எழுதுங்கள். லேசருக்குச் சராசரி 25 கிலோவாட், சில்லருக்கு 6, அதோடு ரேடார், குறிபார்க்கும் கருவி, பேட்டரி நிரப்பும்போது ஆகும் இழப்பு. எல்லாம் சேர்த்தாலும் 50 கிலோவாட் ஜெனரேட்டர் தாங்கும், நடுவில் பேட்டரி இருந்தால்.

ட்ரோன்கள் கூட்டமாக வந்தால் என்ன செய்வது என்று பேராசிரியர் அடுத்துக் கேட்பார். ஐந்து வினாடி இடைவெளியில் 20 சுடுதல் என்று வையுங்கள்: ஐந்து நிமிடத்தில் 30 மெகாஜூல். ஜெனரேட்டரை முழுக்க லேசருக்கே விட்டால் பாதியைக் கொடுத்துவிடும், மறுபாதிக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேல் பேட்டரி போதும். சாதாரண மின்சாரக் காரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதே ஐந்து நிமிடத்தில் சேரும் சூடு 20 மெகாஜூல். அதற்கு 100 கிலோ மெழுகு வேண்டும். அது உருகித் தீர்ந்த பிறகு, பேட்டரி நிறைந்தே இருந்தாலும் லேசர் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.