கபடி கிளப் கோச்சின் பொறுப்பு எதுவரை? - கேள்வி பதில்

ஊர் கபடி கிளப்களில் சம்பளம் வாங்காமல் பயிற்சி தருபவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் சப்-ஜூனியர் டீம்களைப் பல காலமாகப் பழக்கிவரும் மூத்த பயிற்சியாளர்.

சார், எடை வரம்பு 55 கிலோ. எங்கள் ரெய்டர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன்) இரண்டு கிலோ கூட இருக்கிறான். போட்டிக்கு இரண்டு நாள்தான். ரெயின்கோட் மாட்டி ஓடவிட்டு, தண்ணியை நிறுத்தினால் இறங்கிவிடும் என்கிறார்கள்.

இறங்கும். ஆனால் இறங்குவது கொழுப்பு இல்லை, உடம்பில் இருக்கிற தண்ணீர். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது, ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். ரப்பர் உடையும் சூட்டு அறையும் அதற்கு அப்புறம்தான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் தடையாயின. அது நடந்தது நவம்பர், டிசம்பர் குளிரில். நமக்கு மே மாத வெயில். இந்தத் தடவை அவனை உட்காரவையுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் எழுதியிருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். வளர்கிற பையன், எடை கூடத்தான் செய்யும்.

அப்பாவே வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொண்டுவருகிறார். நான் என்ன செய்வது?

படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். போடாதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தால் மாட்டுவது பையன்தான், அப்பா இல்லை.

டோர்னமென்ட் முடிய இரவு பதினொன்று ஆகிவிடுகிறது. பெண் பிள்ளைகளை நானே பைக்கில் வீட்டில் விடுகிறேன். நல்ல எண்ணத்தில் செய்வதை ஊர் தப்பாகப் பேசுகிறது, அண்ணா.

தம்பி, உங்கள் எண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கோச் தனியாகக் கூட்டிப்போவது ஊருக்குப் பழகிவிட்டால், நாளை உங்கள் இடத்துக்கு வருகிற கெட்டவனும் அதையே செய்வான், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வேன் வையுங்கள், ஒரு அம்மாவாவது கூட வரட்டும். செலவுக்கு வழியில்லையா, ராத்திரி ஆட்டத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். பிராக்டிஸ் நேரம் சொல்வது பெற்றோர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும். தொடை பிடித்துக்கொண்டால் இன்னொரு வீராங்கனை நீவிவிடட்டும், களத்தோரம், எல்லார் கண்முன்னால்.

எங்கள் கிளப் பயிற்சியாளர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டதாக 14 வயதுப் பெண் என்னிடம் சொன்னாள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம், கிளப் பெயர் போய்விடும் என்கிறார் செயலாளர்.

பேசித் தீர்க்க இது பஞ்சாயத்து விஷயம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. இதைச் செயலாளரிடம் அப்படியே சொல்லுங்கள், பெயர் பற்றிய கவலை குறையும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். அந்தப் பெண்ணை ஆள் ஆளுக்குக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அந்தப் பயிற்சியாளரை எதிரில் உட்காரவைத்துக் கேட்கவே கூடாது. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதிவையுங்கள். பெற்றோருக்குப் பயம் இருக்கும்: வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், போலீஸ் சீருடையில் வரக்கூடாது, பெயர் வெளியே வரக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. விசாரணை முடியும்வரை அந்த ஆள் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஜிம்காரர் ஏதோ பவுடர் தருகிறார். பையன்களுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். டப்பாவில் எழுதாத சரக்கு உள்ளே இருந்தாலும், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் பழி பையன் தலையில். முட்டை, வேர்க்கடலை போதும்.

பரிசுப் பணத்தில் கோச்சுக்குப் பங்கு உண்டா?

கேட்பதில் தப்பில்லை, போட்டிக்கு முன்பே கேளுங்கள். ஜெயித்த ராத்திரி பங்கு பேசினால் சண்டைதான். வேன், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தைப் பிள்ளைகள் எதிரில் எண்ணுங்கள். பதினெட்டு ஆகாதவர் பங்கு பெற்றோர் கையில் போகட்டும்.