சூட்டுக்குக் காஸ், சுழற்சிக்கு மின்சாரம்

சென்ற இதழில் படுக்கையும் சமையலறையும் உள்ள எங்கள் பயண வண்டியை, அதாவது மோட்டார்ஹோமைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன சமைத்தீர்கள், எதில் சமைத்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். நம் ஆட்களல்லவா! மெல்போர்னிலிருந்து கிளம்பி ஆறு வருடமாக ஏழு மீட்டர் வண்டிக்குள் சமைத்துவருகிறவள் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற தம்பதி நாங்கள். பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறோம். இரண்டு அடுப்புள்ள காஸ் மேடை, 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று, 2000 வாட் இன்வர்ட்டர் இருக்கின்றன. இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ரைஸ் குக்கர், ஏர் ஃப்ரையர், மிக்ஸி ஆகியவற்றைச் சிறிய அளவில் வாங்க நினைக்கிறேன். எவை நல்லவை? (ஒரு வாசகி, பிரிஸ்பேன்)

பதில்: பட்டியலில் கடைசியாக இருக்கும் மிக்ஸியை மட்டும் வாங்குங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கைப் பாருங்கள். உங்கள் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அதில் ஏறத்தாழ 1280 வாட் மணி மின்சாரம் இருக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பிறகு குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதைவிட முக்கியமான சிக்கல் வேறு. 12 வோல்ட்டிலிருந்து 2000 வாட் எடுக்க 170 ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும். 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்காதபடி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பேட்டரிகள் நிறைய உண்டு. குழம்பு கொதிக்கும் முன்பே வண்டி இருட்டாகிவிடும்.

ஒரு கிலோ காஸில் இருப்பதோ ஏறத்தாழ 13,000 வாட் மணி. அதில் பாதி பாத்திரத்தைத் தாண்டி வீணாகப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் உங்கள் பேட்டரியைப் போல ஐந்துக்குக் குறையாத பேட்டரிகளுக்குச் சமம். எனவே எங்கள் வண்டியின் சட்டம் இது: சூட்டுக்குக் காஸ், சுழற்சிக்கு மின்சாரம். மிக்ஸி 750 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சட்னி அரைக்க எவ்வளவு நேரமாகும்? இரண்டு நிமிடம். மொத்தச் செலவு 25 வாட் மணி. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கவைக்க அதைப் போல நான்கு மடங்கு வேண்டும்.

இன்வர்ட்டர் வீட்டு மின்சாரத்தைப் போன்ற தூய சைன் அலை (pure sine wave) தரும் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான மாற்று வகையில் ஓட்டினால் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடேறும், ஒருநாள் புகையும். எங்கள் முதல் மிக்ஸி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது, தேங்காயும் பச்சை மிளகாயும் உள்ளே இருக்கும்போதே.

ரைஸ் குக்கர் உங்களுக்கு எதற்கு? மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று, அதற்குள் நுழையும் இரண்டு அடுக்குப் பாத்திரங்கள். கீழே பருப்பு, மேலே சோறு. மூன்று விசிலில் இரண்டும் முடிந்துவிடும், காஸும் மிச்சம், கழுவும் தண்ணீரும் மிச்சம். ஏர் ஃப்ரையர் 1500 வாட் அளவுக்கு இழுக்கும் சாதனம். இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் எப்போதும் மின் இணைப்போடு தங்குகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் எப்போதும் மின் இணைப்புள்ள கேரவன் பார்க்கில்தான் தங்குவோம். அப்படியானால் எதை வேண்டுமானாலும் வாங்கலாமா? (ஒரு வாசகர், ஜீலாங்)

பதில்: வாங்கலாம், ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. பார்க்கில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மின் கம்பத்தில் இருப்பது 15 ஆம்பியர் இணைப்பு, அதாவது சுமார் 3450 வாட். 2200 வாட் கெட்டிலும் 1500 வாட் ஏர் ஃப்ரையரும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டும், கம்பத்தில் உள்ள சுவிட்ச் விழக்கூடும். இது எப்போதும் மழை பெய்யும்போதுதான் விழும் என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் குடை எடுத்துக்கொண்டு போகிறவர் என் கணவர், கெட்டிலைப் போட்டவளும் நான் அல்ல என்று சாதிப்பேன்.

வண்டியின் ஒயரில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கின் எர்த் முள் அகலமானது. வீட்டு வாசலில் உள்ள சாதாரண சாக்கெட்டில் நுழைய வேண்டும் என்று அதை அரத்தால் ராவிவிடும் கெட்டிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒயர் சூடாகித் தீப்பிடிப்பதற்கான வழி அது.

கேள்வி: இட்லி தோசை இல்லாமல் எங்கள் வீட்டில் நாள் ஓடாது. மேசை மேல் வைக்கும் சின்ன வெட் கிரைண்டரை வண்டியில் வைக்கலாமா? (ஒரு வாசகி, சிட்னி)

பதில்: சின்னதா? கல்லோடு தூக்கிப் பாருங்கள், பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமத்தில் 4.5 டன் மொத்த எடை வரையுள்ள வண்டியை ஓட்டலாம் என்பது சரி. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கென்று எழுதிய எடை வரம்பு இருக்கிறது. தண்ணீர், டீசல், நாம், நம் சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முதல் பயணத்துக்கு முன் வண்டியை எடைமேடையில் ஏற்றினோம். நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பியதும் எங்களுக்கு மிச்சம் இருந்தது நாற்பது கிலோ. அன்றைக்கு இறங்கியவை என் இரும்பு தோசைக்கல், கல் உரல், என் கணவரின் மீன்பிடிப் பெட்டி. மீன்பிடிப் பெட்டிக்காக அவர் இன்னும் வருத்தப்படுகிறார், தோசைக்கல்லுக்காக நான்.

மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள். ஒரு எச்சரிக்கை. கிரேட் ஓஷன் ரோட்டில் லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் இடையே வளைவுகள் அதிகம். அலமாரியில் முக்கால் டப்பா மாவை இறுக்கி மூடி வைத்திருந்தேன். வெயிலில் மாவு பொங்கியது, வளைவில் டப்பா உருண்டது, மூடி தெறித்தது. கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் ஒழுகி அங்கேயே காய்ந்த மாவை, அடுத்த பொங்கலுக்குக்கூடச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரை டப்பாதான் நிரப்ப வேண்டும். புளித்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். தோசைக்கு 24 சென்டிமீட்டர் ஒட்டாத கல் போதும். அதைவிடப் பெரியது பக்கத்து அடுப்பை மறைத்துவிடும், சட்னிக்குத் தாளிக்க இடமிருக்காது.

கேள்வி: 12 வோல்ட் கெட்டில் என்று காரில் சொருகும் ஒன்றை விற்கிறார்களே, அது பயன்படுமா? (ஒரு வாசகர், அடிலெய்டு)

பதில்: பத்து ஆம்பியர் சாக்கெட்டில் கிடைப்பது 120 வாட். ஒரு லிட்டர் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காபி ஆசையே போய்விடும்.

கேள்வி: அடுத்த மாதம் பெர்த்தில் இருக்கும் மகளிடம் போகிறோம். வாடகை மோட்டார்ஹோமில் மார்கரெட் ரிவர், ஆல்பனி பார்க்கத் திட்டம். சென்னையிலிருந்து என்ன பாத்திரம் கொண்டுபோகலாம்? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: வாடகை வண்டியில் வாணலி, தட்டு, கெட்டில் எல்லாம் பெரும்பாலும் இருக்கும், பிரஷர் குக்கர் இருக்காது. மகளிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கர், அதற்கான உபரி காஸ்கெட், சேஃப்டி வால்வு. இந்த இரண்டுக்கும் ஆல்பனியில் நீங்கள் கடை தேடி அலைய வேண்டாம். நம் ஊர் மிக்ஸி இங்கே ஓடும், 230 வோல்ட்தான்; பிளக் மட்டும் வேறு, மாற்று பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பு, மசாலாப் பொடிகளை விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை அனுமதிக்க மாட்டார்கள். அழ வேண்டாம், மகள் வீட்டுத் தொட்டியில் இருக்கும்.

மகள் ஏதாவது வாங்கித் தருகிறேன் என்றால் தெர்மல் குக்கர் கேளுங்கள். மின்சாரம், காஸ் இரண்டும் வேண்டாத ஒரு வெளிப்பாத்திரம். அதற்குள் நுழையும் உள்பாத்திரம். நான் காலையில் அரிசியும் பாசிப்பருப்பும் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடி, தரையில் நழுவாதபடி கட்டிவிடுவேன். மெல்போர்னில் ஒன்பது மணிக்குக் கிளம்பி ஹால்ஸ் கேப்பில் மதியம் திறந்தால் பொங்கல் குழைந்திருக்கும். மிளகு சீரகம் தாளித்துக் கொட்டினால் போதும். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு நிற்காது. ராஜ்மாவை மட்டும் இதில் நம்பாதீர்கள். ஊறவைத்து, பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்காத ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

கேள்வி: தாளித்த வாசனை மெத்தை வரை ஏறிவிடுகிறது. பியூட்டேன் காஸ் கேனைப் பொருத்தும் சின்ன கேன் அடுப்பை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? (ஒரு வாசகி, கான்பெரா)

பதில்: வாங்குங்கள், வெளியே மட்டும் வையுங்கள். மூடிய வண்டிக்குள் அதை ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. வெளியே என்றாலும் உங்கள் ஊர்க் குளிரில் ஒரு தொல்லை உண்டு: பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஜூலை விடியலில் அடுப்பு சிணுங்கும். கேனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்த நாட்கள் எனக்கு உண்டு. உள்ளே இருக்கும் புரோப்பேன் அடுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கூரை ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கமாக ஓடவிட்டுத் தாளியுங்கள்.

கேள்வி: ஃபில்டர் காபி? (ஒரு வாசகர், ஹோபார்ட்)

பதில்: எவர்சில்வர் ஃபில்டர்தான், வேறென்ன? வண்டி சரிவில் நின்றால் பொடி ஒரு பக்கமாகச் சாய்ந்து டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைச் சமன் செய்யும்வரை நான் வெந்நீர் ஊற்றுவதில்லை. என் கணவர் இதைத் தூக்கத்துக்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.