ஏ'ஸ் அணி ஓக்லாந்தை விட்டுப் போனது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஏ'ஸ் என்கிற அத்லெடிக்ஸ், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரில் 1968 முதல் ஆடிய பேஸ்பால் அணி. ஊர்க்காரர்கள் ஆட்டம் பார்க்க வராததால்தான் கிளம்பியது என்கிறார்களே?

பதில்: கூட்டம் குறைந்தது உண்மைதான். எப்போது குறைந்தது என்று பாருங்கள். 2021 சீசன் முடிந்ததும் மேட் ஓல்சன், மேட் சாப்மன் போன்ற முன்னணி ஆட்டக்காரர்களை வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். அப்படி ஒரு அணியைப் பார்க்கக் கூடுதல் காசு கொடுத்து யார் வருவார்கள்? அதே ரசிகர்கள்தான் 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை இரவு, உரிமையாளர் ஜான் ஃபிஷரிடம் "அணியை விற்றுவிடு" என்று சொல்வதற்காகவே திரண்டார்கள். அன்று வந்தவர்கள் 27,759 பேர். 2024 செப்டம்பர் 26 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். ரசிகர்கள் மேல் பழி போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: பழைய மைதானம் அவ்வளவு மோசமா?

பதில்: மோசம்தான். 1966-ல் திறந்தது. வீரர்களின் அறைக்குள்ளேயே கழிவுநீர் ஏறியிருக்கிறது. புதிதாக ஒன்று வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

கேள்வி: சான் ஹோசேயில் கட்டுவதாக இருந்ததே?

பதில்: அந்த வட்டாரம் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் எல்லை என்று லீக் (30 முன்னணி பேஸ்பால் அணிகளின் அமைப்பு) வழிவிடவில்லை. சான் ஹோசே நகரம் 2013-ல் வழக்குப் போட்டது. ஆனால் ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை வைத்தே வழக்கு தோற்றது.

கேள்வி: ஓக்லாந்து நகர மன்றம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் அணி தங்கியிருக்கும் அல்லவா?

பதில்: விட்டுக்கொடுத்துச் சூடுபட்ட ஊர் அது. 1995-ல் ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப அழைத்துவர, நகரமும் அலமீடா மாவட்டமும் சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கி மைதானத்தைப் பெரிதாக்கின. 2020-ல் ரைடர்ஸ் லாஸ் வேகஸ் போய்விட்டது. கடனை மட்டும் ஊர் கட்டிக்கொண்டிருந்தது.

அப்படியும் ஏ'ஸுக்குக் கதவை மூடவில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஹோவர்ட் டெர்மினலில் 35,000 இருக்கைகளோடு மைதானம், சுற்றிலும் வீடுகள், கடைகள் என 1,200 கோடி டாலர் திட்டம் ஒன்று வந்தது. லாரிகள் வந்துபோகும் இடம் அடைபடும் என்று துறைமுகத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். சாலை, ரயில் பாதை வேலைகளுக்கு யார் பணம் போடுவது, எளியவர்கள் வாங்கக்கூடிய வீடுகள் எத்தனை என்றெல்லாம் பேரம் நீண்டது. அத்தனைக்கும் பிறகு, 2021 ஜூலையில் 6-1 என்ற வாக்கில் மன்றம் ஒரு உடன்பாட்டு வரைவை நிறைவேற்றியது. இதைப் போய் விரட்டியடித்தது என்று எப்படிச் சொல்வது? பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நிலம் பார்த்துவிட்டதாக அணி அறிவித்தது.

கேள்வி: லாஸ் வேகஸ் மைதானத்துக்கு நெவாடா மாநில மக்கள் சந்தோஷமாகப் பணம் கொடுத்தார்களா?

பதில்: எல்லாரும் இல்லை. 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் 2023 ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டார். பள்ளிகளுக்குப் போக வேண்டிய பணம் இது என்று ஆசிரியர் சங்கம் மக்கள் வாக்கெடுப்பு கேட்டது. 2024-ல் நெவாடா உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது.

கேள்வி: ஊரே எதிர்த்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

பதில்: ஊருக்கு ஓட்டு கிடையாது, அதுதான் காரணம். முடிவெடுப்பது 30 அணிகளின் உரிமையாளர்கள். 2023 நவம்பரில் 30 பேரும் சரி என்றார்கள். அணிகளின் எண்ணிக்கையை லீக் கட்டுக்குள் வைத்திருப்பதால், அணி இல்லாத ஊர் எப்போதும் ஒன்று காத்திருக்கும். அதைக் காட்டியே இருக்கிற ஊரை நெருக்கலாம். இந்த ஏற்பாடு மாறாதவரை அடுத்த ஊருக்கும் இதேதான் நடக்கும்.

கேள்வி: இப்போது அணி எங்கே ஆடுகிறது?

பதில்: 2025 முதல் வெஸ்ட் சாக்ரமென்டோவில் ஒரு சிறிய மைதானத்தில், ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் 'அத்லெடிக்ஸ்' என்று. லாஸ் வேகஸ் மைதானத்தை 2028-ல் திறப்பதாகத் திட்டம்.

கேள்வி: ஓக்லாந்தில் இனி பேஸ்பாலே கிடையாதா?

பதில்: இருக்கிறது! 2024-ல் ஓக்லாந்து பாலர்ஸ் என்ற அணி தொடங்கியது. சின்ன லீக்தான், ஆனால் ரசிகர்களே அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025-ல் பயனியர் லீக் கோப்பையையும் வென்றது. ஆட்டங்கள் ரைமாண்டி பூங்காவில் நடக்கின்றன, அந்தப் பக்கம் இருப்பவர்கள் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.