நீக்கினாலும் திரும்பி வரும் குரோம் தொல்லை

கேள்வி: பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற ஒரு இலவச மென்பொருளை இறக்கினேன். அன்றிலிருந்து நாலு டேப் திறந்தாலே குரோம் உறைந்து நிற்கிறது. கூகுளில் தேடினால் பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடுபக்கம் வருகிறது. குரோமை நீக்கி மறுபடி நிறுவினேன். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 8 ஜிபி ராம் நாலு டேப்பைத் தாராளமாகத் தாங்கும். தேடல் வேறு பக்கத்துக்குத் தாவுகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. அந்த இலவச மென்பொருளோடு வேறு ஏதோ சேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

குரோமை நீக்கியும் அது எப்படித் திரும்பியது? இரண்டு வழிகள் உண்டு. கூகுள் கணக்கில் நுழைந்ததும், குரோம் அமைப்புகளைக் கணக்கில் சேமித்துவைக்கும் 'சிங்க்' வசதி பழைய எக்ஸ்டென்ஷன்களையும் (குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) சேர்த்தே கொண்டுவந்துவிடும். இல்லையென்றால், விண்டோஸில் இன்னும் இருக்கும் அந்த மென்பொருளே மறுபடி நுழைத்திருக்கும். அதனால் வேலையைக் குரோமுக்கு வெளியே தொடங்குங்கள்.

முதலில் சிங்கை நிறுத்துங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை கண்ணில் படும். நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

இப்போது குரோம். ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் குரோமுக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். யூடியூப் டேப் நிறைய நினைவகம் எடுப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அப்படித்தான். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் சிபியு-வை விடாமல் உறிஞ்சும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் போய் நீக்குங்கள். பழக்கமான பெயர் என்று விட்டுவைக்காதீர்கள். டேப்களைத் தூங்கவைத்து ராமை மிச்சப்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' லட்சக்கணக்கானோர் நம்பிய எக்ஸ்டென்ஷன். 2020இல் அது கை மாறியது; 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது.

நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லையா? குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் அது இயல்பு, கை வைக்காதீர்கள். சொந்தக் கணினியில் இருந்தால், பெரும்பாலும் தீநிரல் தன்னையே நிர்வாகியாக நியமித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில ஆன்டிவைரஸ்களாலும் இந்த வரி வரும் என்பதால் உடனே முடிவுகட்ட வேண்டாம். தீநிரல்தான் என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குரோமுக்கான 'பாலிசிஸ்' பதிவை அழிக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் தவறான இடத்தைத் தொட்டால் விண்டோஸே எழாமல் போகலாம். பழக்கமில்லையென்றால் விவரம் தெரிந்தவரை உட்கார வையுங்கள். அவரும் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியில் குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த கடவுச்சொற்கள் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் முடங்கும், குக்கிகள் (உங்களை அடையாளம் காண இணையதளங்கள் குரோமில் சேமிக்கும் சிறு தகவல்கள்) அழியும்.

குக்கி என்றதும் ஒன்று. இந்த மாதிரித் தீநிரல்களில் சில, நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கிகளையே திருடும். கடவுச்சொல் இல்லாமலே மின்னஞ்சலுக்குள் போக அது போதும். எனவே மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைச் சுத்தமான வேறொரு கருவியில், உங்கள் போனிலேயேகூட, மாற்றுங்கள். கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். அப்புறம் சிங்கை மறுபடி போடலாம். அதே கணக்கு வேறு கணினியிலும் இருந்தால் அங்கேயும் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கிய பிறகு.

பிடிஎஃப் விஷயம் பாக்கி. அதற்குத் தனி மென்பொருளே தேவையில்லை. வேர்டு 2013 முதல், பிடிஎஃப் கோப்பை வேர்டிலேயே நேராகத் திறக்கலாம். அதுவே மாற்றித் தரும். படமாக ஸ்கேன் செய்த பக்கங்கள் மட்டும் சரியாக வராது.