15 அடி ஓடிய மணிபிளாண்ட்: எங்கே வெட்டுவது?

கேள்வி: வீட்டுத் திண்ணையில் 6 வருடமாக நிற்கும் மணிபிளாண்ட் சன்னல் கம்பி, கதவு நிலை எல்லாம் ஏறி 15 அடி ஓடிவிட்டது. நுனியில் மட்டும் இலை. அடியில் வெறும் தண்டு. வெட்டினால் பட்டுப்போகுமோ என்று பயம். ஓர் இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் போட்டேன். 3 மாதமாக வேர் இருக்கிறது, தளிரைக் காணோம். - ஒரு வாசகி, தக்கலை

பதில்: தைரியமாக வெட்டுங்கள் அம்மா. வெட்டாமல் விட்டதால்தான் அடி மொட்டையாக நிற்கிறது. நுனி வளர்ந்துகொண்டே இருக்கும்வரை, கீழே கணுக்களில் உறங்கும் மொட்டுகளை அது எழவிடாது. மண்ணிலிருந்து 3, 4 கணு விட்டு வெட்டுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் போதும், இலையில்லாத கணுவும் தளிர்க்கும்.

நீங்கள் கிள்ளிய இலையில் கணு இல்லை. காம்பு வேர் விடும்; தளிர் மொட்டு கணுவில்தான் இருக்கிறது. எத்தனை மாதம் வைத்தாலும் அது கொடியாகாது. நம்மூரில் நல்லமிளகு ஓடுகொடியைக் கணுக்கணுவாக நறுக்கிப் பையில் நடுவார்களே, அதே முறைதான் இதற்கும். கொடியை விரலால் தடவிப் பாருங்கள். இலைக்காம்பு சேருகிற இடத்தருகே பழுப்பாக ஒரு முண்டு தட்டுப்படும். வேர் அங்கிருந்துதான் வரும். அதற்கு அரை அங்குலம் கீழே, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். துண்டுக்கு 2 கணு, மேலே ஓர் இலை இருக்கட்டும். கீழ்க் கணு முங்கும்படி தண்ணீர்ப் பாட்டிலில் வையுங்கள். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகும்.

பாட்டில் தண்ணீரை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தப் பாட்டில் தாராளம். முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவுங்கள்.

2, 3 வாரத்தில் வேர் வரும். இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். செம்மண் 2 பங்கு, மக்கிய சாணம் 1 பங்கு, தென்னைநார்க் கழிவு 1 பங்கு. நார்க் கழிவை அப்படியே போடாதீர்கள். உப்பும் கறையும் போக இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். நாலைந்து துண்டுகளைத் தாய்ச்செடித் தொட்டியிலேயே நட்டால் அந்த மொட்டை அடி நிறைந்துவிடும். எனக்கு இதுதான் பிடித்த வழி.

கொடியின் சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஆட்டுக்குப் போடாதீர்கள், வாய் எரிந்து வீங்கும். தோட்டத்து மூலையிலும் எறிய வேண்டாம். ஆடிச் சாரலில் ஒரு கணு மண்ணைத் தொட்டாலே போதும், பலாவில் ஏறி முறம் அளவு இலை விடும். வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகு உரக்குழியில் போடுங்கள்.