பிரட்னிசோலோன் நிறுத்திய பின் தலைசுற்றல், வாந்தி

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும். மூட்டுவலிக்கு எட்டு மாதம் தினம் 10 மி.கி. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்ட அம்மாவுக்கு, நிறுத்திய ஐந்தாம் நாள் எழுந்தால் தலைசுற்றல், வாந்தி என்கிறீர்கள். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம்.

ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனலுக்கு (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) கட்டளை அனுப்புவதைக் குறைத்துவிடும். மூன்று நான்கு வாரம் தாண்டினாலே இது நடக்கலாம். அட்ரீனல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது.

வீட்டில் பி.பி. கருவி இருந்தால், படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம் வரும்போல் இருந்தால் நிற்க வைக்கவே வேண்டாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரையும் பாருங்கள்.

உறுதிசெய்வது காலை 8–9 மணி கார்ட்டிசால் பரிசோதனை. 5 மைக்ரோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டரில்) என்றால் மாத்திரையைத் தொடர வேண்டும். 10-க்கு மேல் என்றால் அட்ரீனல் தேறிவிட்டது. பிரட்னிசோலோன் போட்ட 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டலாம். பொட்டாசியம் சரியாக இருப்பதை வைத்து 'அட்ரீனல் கோளாறு இல்லை' என்று முடிவுகட்ட முடியாது. மாத்திரையால் வரும் இந்த வகையில், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் சுரப்பு கெடுவதில்லை.

வாந்தி நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் உடனே தேவை. "எட்டு மாத ஸ்டீராய்டு, ஐந்து நாளாக நிறுத்தம்" என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள்.

இதே அறிகுறிகள் கிருமித்தொற்றிலும் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.