திருப்பும்போது ‘டக் டக்’ சத்தம்: பூட் போதுமா, முழு ஆக்சில் வேண்டுமா?

கேள்வி: ஒன்பது வருடமான பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் இடது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று கேட்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது. ஜாயின்டை மூடும் ரப்பர் உறையான பூட், சக்கரப் பக்கத்து வெளி ஜாயின்ட், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான முழு ஆக்சில் மூன்றும் கடையில் இருக்கின்றன. எதை வாங்குவது? வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: பூட்டை மட்டும் வாங்காதீர்கள், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ரப்பர் பூட் கிழிந்ததும் கிரீஸ் வெளியே போய் மண்ணும் தண்ணீரும் உள்ளே புகும். ஜாயின்டுக்குள் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்த பிறகுதான் சத்தமே வரும். புதுக் கிரீஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. பூட் கிழிந்தும் சத்தம் வராத காருக்குத்தான் பூட், கிரீஸ், கிளாம்ப் அடங்கிய கிட் போதும்.

வெளி ஜாயின்ட் மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் பழையதை ஆக்சில் தண்டிலிருந்து (ஷாஃப்ட்) தட்டிக் கழற்றி, லாக் வளையம் மாற்றி, கிளாம்ப் இறுக்க வேண்டும். வீட்டில் செய்பவருக்கு முழு ஆக்சில்தான் சுலபம். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். இடது, வலது நீளம் வேறு. பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், இரு முனைப் பல் எண்ணிக்கை, ஏபிஎஸ் பல் வளையம் இருக்கிறதா என்பதையெல்லாம் ஒப்பிடுங்கள். புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தையில் வாங்குவதாக இருந்தால் பூட் புதிதாக மின்னுவதை நம்பாதீர்கள். ஜாயின்டை மடக்கிச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது சொரசொரப்போ தட்டலோ இருந்தால் வேண்டாம்.

கூடவே புது ஆக்சில் நட், கியர்பாக்ஸ் ஆயில் சீல், ஆக்சில் முனைக் கிளிப், கியர் ஆயில் வாங்கிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் கியர் ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் திறக்கிறதா பாருங்கள். அது இறுகிக் கிடக்க, ஆயிலை வடித்துவிட்டால் மறுபடி ஊற்ற வழியிருக்காது. அடுத்து சக்கரம் தரையில் இருக்கும்போதே சக்கர நடுவிலுள்ள ஆக்சில் நட்டின் மடித்த விளிம்பை உளியால் நிமிர்த்தி, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி நட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட் பொருந்தும். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரத்தையும் ஆக்சில் நட்டையும் கழற்றி, ஆயிலை வடியுங்கள். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் போல்ட்டைக் கழற்றி நக்கிளை (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளியே சாய்த்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) வரும், பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நட்டை மரைமுனைக்குச் சமமாகத் திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டலாம். அதற்கும் அசையாவிட்டால் ஓங்கி அடிக்காதீர்கள், மரையும் ஹப் பேரிங்கும் கெடும். அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே மலிவு.

உள் ஜாயின்டை கியர்பாக்ஸ் ஓரத்தில் தட்டைக் கம்பி கொடுத்து நெம்பி எடுக்க வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் ரப்பர் உறைக்குள்ளேயே பிரிந்துவிடும். வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

புது சீலை நேராகத் தட்டிப் பொருத்தி, அதன் உதட்டில் லேசாக ஆயில் தடவுங்கள். ஆக்சிலின் பல்முனை சீலைக் கீறாமல் நேராக நுழைய வேண்டும். கிளிப் ‘டக்’கென்று உட்காரும். உள் ஜாயின்டை மட்டும் மெல்ல இழுத்து உறுதி செய்யுங்கள். கடைசியில் பிரேக் மிதித்தபடி, சக்கரத்தில் பாரம் ஏறும் முன், புது நட்டை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கே 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். சரியான எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். குத்துமதிப்பாக இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். பிறகு விளிம்பை மடித்து, வண்டி சமமாக நிற்கும்போது கியர் ஆயிலை ஊற்றும் துளை மட்டம் வரை நிரப்புங்கள். மறுநாள் சீல் ஓரத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பதில்: வேண்டாம். ஜாயின்ட் பழுது ஓட்டிய பிறகே தெரியும். பாகத்தின் எண்ணும் வாரன்டி காலமும் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.